கிருமி போட்ட மோதிரம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கிற குழிகளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி பாட்டில் இருக்கும். அம்மாவின் இன்சுலின். காலையில் ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி. பதினோரு வருடமாக இதே கணக்கு. கரன்ட் போனால் பால் திரிந்துவிடுமே என்று எங்கள் வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை. அந்த பாட்டிலைப் பற்றித்தான் கவலை.

ஹாலில் டி.வி.க்குக் கீழே ஒரு டிராயர். இழுத்தால் பழைய கரன்ட் பில், ரிமோட்டின் மூடி, செத்துப்போன பேட்டரி, அப்புறம் பாதி காலியான மாத்திரை அட்டைகள். எப்போதோ ஒரு டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக்கொடுத்த ஆன்ட்டிபயாடிக். ஜுரம் விட்டதும் மிச்சம் டிராயருக்குள் போய்விட்டது. அடுத்த முறை தொண்டை கரகரத்தால் டாக்டரிடம் போவானேன்? டிராயரிலிருந்தே ஒன்று. இது முழுக்க முழுக்க என் கைங்கர்யம். அம்மாவுக்குச் சம்பந்தமில்லை.

ஃபிரிட்ஜில் இருப்பதும் டிராயரில் இருப்பதும் வேறு வேறு சமாசாரம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. இரண்டு கதையிலும் ஹீரோ ஒரே ஆசாமி. வில்லனும் அவரேதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையம். பெயர், பிளாஸ்மிட்.

பெயரைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் படித்தது பி.காம். பாக்டீரியாவுக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, அது எனக்கு ஜுரம் கொடுக்கும், நான் மாத்திரை போடுவேன் என்பதுதான். எனக்கே புரிந்த கதை உங்களுக்குப் புரியாமல் போகாது.

கதை, ஜப்பானில் ஆரம்பிக்கிறது.

*

இரண்டாம் உலகப்போர் முடிந்து, அடிபட்டுக் கிடந்த ஜப்பான். வீடு இடிந்திருந்தது, சாக்கடை உடைந்திருந்தது. போதாக்குறைக்கு ஊர் ஊராக ரத்தபேதி. காரணம், ஷிகெல்லா என்கிற பாக்டீரியா. 1897-ல் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவரே கியோஷி ஷிகா என்கிற ஜப்பானியர்தான். அவர் பெயரையே கிருமிக்கு வைத்துவிட்டார்கள். சொந்த ஊர்க்காரர் பெயரில் சொந்த ஊரையே படுத்திக்கொண்டிருந்தது அது.

முதலில் சல்ஃபா மருந்து கொடுத்தார்கள். கேட்டது. கொஞ்ச வருடத்தில் கேட்காமல் போனது. பரவாயில்லை, அதற்குள் புது மருந்துகள் வந்துவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோரம்ஃபெனிக்கால். ஒன்று போனால் இன்னொன்று. டாக்டர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

1955-ல் ஹாங்காங் போய்த் திரும்பிய ஒரு ஜப்பானியப் பெண்மணிக்கு ரத்தபேதி. எடுத்துப் பரிசோதித்தால் ஷிகெல்லாதான். ஆனால் அந்த ஷிகெல்லா மேலே சொன்ன நான்கு மருந்துகளுக்கும் அசைந்துகொடுக்கவில்லை. நான்குக்குமே.

அப்போதைய பாடப்புத்தகப்படி இது நடக்கக் கூடாத விஷயம். ஒரு பாக்டீரியா மருந்துக்குத் தப்ப வேண்டும் என்றால் அதன் மரபணுவில் தற்செயலாக ஒரு பிழை நேர வேண்டும். அப்படி ஒரு பிழை கோடியில் ஒரு பாக்டீரியாவுக்கு நேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மருந்துக்கும் ஒரே சமயத்தில் தப்ப வேண்டும் என்றால்? கோடியை நான்கு முறை பெருக்க வேண்டும். ஒன்றுக்குப் பின்னால் 28 பூஜ்ஜியம். அத்தனையில் ஒன்றுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் அடிக்கும். ஜப்பானிலோ ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அடித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் இடித்தது. அதே நோயாளியின் குடலில் ஈ.கோலி என்கிற பாக்டீரியாவும் இருக்கும். உங்கள் குடலில், என் குடலில், எல்லார் குடலிலும் குடியிருப்பது. பெரும்பாலும் பரம சாது. அந்தச் சாதுவை எடுத்துப் பரிசோதித்தால், அதுவும் அதே நான்கு மருந்துகளுக்கு அசையவில்லை.

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி கள்ளச்சாவி. போலீஸ்காரர் என்ன நினைப்பார்?

அதையேதான் நினைத்தார்கள். 1959-ல் நகோயாவில் குனிதாரோ ஓச்சியாய், டோக்கியோவில் தொமோயிச்சிரோ அகிபா என்று இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே காரியத்தைச் செய்து பார்த்தன. மருந்துக்கு அசையாத ஈ.கோலியையும், மருந்து பட்டால் செத்துப்போகும் ஷிகெல்லாவையும் ஒரே குடுவையில் போட்டுக் கலந்து வைத்தார்கள். அப்புறம் ஷிகெல்லாவை மட்டும் பிரித்தெடுத்து மருந்தைக் கொடுத்தார்கள்.

பல பாக்டீரியாக்கள் சாகவில்லை.

யோசித்துப் பாருங்கள். தாத்தா சொத்து அப்பாவுக்கு, அப்பா சொத்து பிள்ளைக்கு. பாக்டீரியா உலகத்திலும் சொத்து பொதுவாக அப்படித்தான் இறங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே பக்கத்து வீட்டுக்காரனுக்கு, அதுவும் வேற்று இனத்தானுக்கு, பத்திரமே இல்லாமல் சொத்து கைமாறியிருக்கிறது. ஒன்றல்ல, நான்கு சொத்து. ஒரே மூட்டையாக.

இந்த விவரமெல்லாம் ஜப்பானிய மொழியில் எழுதப்பட்டதால் மேற்கே ரொம்பப் பேருக்குத் தெரியவில்லை. கெய்யோ பல்கலைக்கழகத்தின் சுதோமு வத்தனபே 1963-ல் ஆங்கிலத்தில் விலாவாரியாக எழுதினார். அதன் பிறகுதான் பலர் விழித்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வருடமே லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் நவோமி தத்தா என்கிற பெண் விஞ்ஞானி, அங்கே பரவிய ஒரு வயிற்றுக் கிருமியில் இதே கூத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். இந்த அம்மாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வருவார்.

*

சரி, கைமாறியது எது?

பாக்டீரியாவின் உடம்பில் டி.என்.ஏ. என்கிற நீளமான நூல் ஒன்று இருக்கிறது. அதுதான் அதன் ஜாதகம், சமையல் குறிப்பு, சட்டப்புத்தகம், எல்லாம். ஈ.கோலியின் நூலில் சுமார் 46 லட்சம் எழுத்துக்கள். இது போக, தனியாகச் சில குட்டி வளையங்களும் மிதக்கும். அதுவும் டி.என்.ஏ.தான். சில ஆயிரம் எழுத்திலிருந்து சில லட்சம் எழுத்து வரை இருக்கும். பெரிய நூலோடு ஒட்டாமல், தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொள்ளும். 1952-ல் ஜோஷுவா லெடர்பர்க் என்கிற அமெரிக்கர், பரம்பரை நூலோடு சேராமல் தனியாக இருக்கிற இந்த மாதிரிச் சமாசாரங்களுக்குப் பிளாஸ்மிட் என்று பெயர் வைத்தார்.

பாக்டீரியா உயிர்வாழப் பொதுவாக இந்த வளையம் தேவையில்லை. நம் கையில் கிடக்கும் மோதிரம் மாதிரி. இல்லாவிட்டாலும் சாப்பிடலாம், தூங்கலாம். கஷ்டம் வந்தால்தான் மோதிரத்தின் அருமை தெரியும்.

வித்தியாசம் என்னவென்றால், நாம் மோதிரத்தைக் கொடுத்தால் நம் விரல் காலியாகிவிடும். பாக்டீரியா அவ்வளவு அப்பாவி இல்லை. பக்கத்தில் இருப்பவனை ஒரு மெல்லிய குழல் நீட்டித் தொடும். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வளையத்தின் ஒரு பிரதி அந்தப் பக்கம் போகும். ஒரு பிரதி இந்தப் பக்கமே இருக்கும். கொடுத்தவனுக்கும் நஷ்டமில்லை, வாங்கியவனுக்கும் லாபம். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நான் பார்க்காத வியாபாரம்.

ஜப்பானிய ஷிகெல்லாவின் வளையத்தில் நான்கு மருந்தையும் சமாளிக்கும் குறிப்புகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அதற்கு ‘ஆர் காரணி’ என்று பெயர் வந்தது. ஆர் என்றால் ரெஸிஸ்டன்ஸ். எதிர்ப்பு.

இந்த ஆர் காரணியை நொண்டியாக்க முடியுமா, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் புறப்பட்டவர்களில் ஒருவர் ஸ்டான்லி கோஹன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர். அவர் பிடிக்கப் போனது நோயை. கையில் அகப்பட்டதோ வேறு.

*

1972 நவம்பர். ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு. பிளாஸ்மிட் பற்றிப் பேச அமெரிக்க விஞ்ஞானிகளும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் கூடியிருந்தார்கள். ஜப்பானியர்கள் வராமல் எப்படி? கதையை ஆரம்பித்து வைத்தவர்களே அவர்கள்தானே.

அங்கே கோஹன் சந்தித்த இன்னொருவர் ஹெர்பர்ட் போயர். சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். போயரின் சரக்கு, ஒரு கத்திரிக்கோல். டி.என்.ஏ. நூலில் குறிப்பிட்ட ஆறு எழுத்து எங்கே வந்தாலும் அந்த இடத்தில் வெட்டுகிற ஒரு என்ஸைம். வெட்டும்போது நேராக வெட்டாது. படிக்கட்டு மாதிரி வெட்டும். இரண்டு முனையிலும் பசை தடவினாற்போல் ஆகிவிடும். அதே கத்திரியால் வெட்டிய எந்த டி.என்.ஏ.யும் வேறு எந்த டி.என்.ஏ.யோடும் ஒட்டிக்கொள்ளும். தவளையாக இருந்தாலும் சரி, மனிதனாக இருந்தாலும் சரி.

இந்தக் கத்திரி எங்கே கிடைத்தது தெரியுமா? சிறுநீர்த் தொற்று வந்த ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த ஈ.கோலியில். மருந்துக்கு அசையாத ஈ.கோலி. கத்திரி செய்யும் குறிப்பு எழுதியிருந்ததும் ஒரு பிளாஸ்மிட்டில்தான்! அட ராமா, கருவியும் அதுவே, கச்சாப் பொருளும் அதுவே.

ஒரு சாயங்காலம், வைக்கிக்கி கடற்கரைப் பக்கம் ஒரு சாண்ட்விச் கடை. கோஹன், போயர், ஸ்டான்லி ஃபால்கோ, கூட இன்னும் ஓரிருவர். சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே பேச்சு. கோஹனிடம் வளையம் இருக்கிறது. அதை பாக்டீரியாவுக்குள் நுழைக்கும் வித்தையும் தெரியும். போயரிடம் கத்திரி இருக்கிறது. வளையத்தை வெட்டி, நடுவில் வேறு எதையாவது ஒட்டி, திரும்ப பாக்டீரியாவுக்குள் அனுப்பினால்?

1973-ன் ஆரம்பத்தில் வேலை தொடங்கிவிட்டது. இரண்டு லேபுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கோஹனின் லேபில் வேலை பார்த்த ஆனி சாங் சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியிருந்தார். தினம் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தன் காரில் வளையங்களை எடுத்துப்போய்க் கொடுத்தார். புதுயுகம் என்று பின்னால் எல்லாரும் கொண்டாடிய சமாசாரம், ஒரு பெண்மணியின் ஆபீஸ் பயணத்தில் போய்வந்துகொண்டிருந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட வளையத்தின் பெயர் பி.எஸ்.சி.101. நம்மூர் பட்டம் இல்லை. பிளாஸ்மிட் ஸ்டான்லி கோஹன் என்பதன் சுருக்கம். அதில் டெட்ராசைக்ளினைச் சமாளிக்கும் ஜீன் இருந்தது. கத்திரி அதை ஒரே ஒரு இடத்தில் வெட்டும். வெட்டிய இடத்தில் கானமைசின் என்கிற இன்னொரு மருந்தைச் சமாளிக்கும் ஜீனை ஒட்டினார்கள். அதை ஈ.கோலிக்குள் அனுப்பினார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். கதையின் முடிச்சே இதுதான்.

கோடிக்கணக்கான பாக்டீரியாவில் ஏதோ சிலதுக்குள்தான் புது வளையம் போயிருக்கும். அந்தச் சிலதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகப் பிடித்து விசாரிக்க முடியுமா? ரொம்பச் சுலபமான வழி இருந்தது. தட்டில் டெட்ராசைக்ளினையும் கானமைசினையும் கலந்து வைத்தார்கள். வளையம் இல்லாதவை செத்துப்போயின. வளையம் உள்ளவை மட்டும் பிழைத்து, கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக வளர்ந்தன.

ஜப்பானில் நோயாளிகளைச் சாய்த்த அதே குணம், கலிஃபோர்னியாவில் அடையாள அட்டை ஆகிவிட்டது. மருந்துக்குத் தப்பும் ஜீன் இல்லாவிட்டால் அந்தப் பரிசோதனையே இல்லை. அது 1973 நவம்பரில் அச்சில் வந்தது. அடுத்த வருடம் தவளையின் ஜீனை ஒட்டினார்கள். பாக்டீரியா எந்த முனகலும் இல்லாமல் தவளைக் குறிப்பையும் பிரதி எடுத்துத் தள்ளியது.

*

உடனே எல்லாரும் கை தட்டினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? விஞ்ஞானிகளுக்கே உதறல் எடுத்துவிட்டது.

ஈ.கோலி நம் குடலில் வாழும் பிராணி. அதற்குள் புற்றுநோய் வைரஸின் ஜீனையோ விஷத்தின் ஜீனையோ யாராவது ஒட்டி, அது லேபிலிருந்து வெளியே போய்விட்டால்? வளையம் கைமாறும் என்பதுதான் ஊரறிந்த விஷயமாயிற்றே. 1974 ஜூலையில் பால் பெர்க் தலைமையில் சிலர் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். சில வகைப் பரிசோதனைகளைக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்போம் என்று. கோஹன், போயர் இருவரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தாங்கள் செய்த காரியத்தைத் தாங்களே நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து! 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலமார் கடற்கரையில் சுமார் 140 பேர் கூடி, எதை எவ்வளவு பூட்டுப் போட்டுச் செய்யலாம் என்று விதி வகுத்தார்கள்.

1976-ல் ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரத்தில் மேயர் ஆல்ஃப்ரெட் வெலூச்சி இன்னும் ஒரு படி மேலே போனார். விஞ்ஞானிகளை நகரசபைக்கு வரவழைத்துக் கேள்வி கேட்டார். சில மாதங்களுக்கு ஆபத்து அதிகமுள்ள பரிசோதனைகளுக்குத் தடை.

விதிகள் வந்தன. கட்டுப்பாடுகள் வந்தன. பயந்த மாதிரி எந்தப் பூதமும் லேபிலிருந்து கிளம்பவில்லை. காலப்போக்கில் விதிகளும் தளர்ந்தன.

லேப் வாசலில் இத்தனை காவல் போட்டார்கள். சரிதான். மருந்துக்கடை வாசலில், மாட்டுக்கொட்டகை வாசலில், கோழிப்பண்ணை வாசலில் அதே அளவு காவல் போட்டார்களா? ம்ஹும்.

*

இனி நமக்குப் பிடித்த சப்ஜெக்ட். பணம்.

1976 ஜனவரி. ராபர்ட் ஸ்வான்சன், 28 வயது. கையில் வேலை இல்லை. பாக்டீரியாவை வைத்துத் தொழில் செய்யலாம் என்று யோசனை. போயருக்குப் போன் போட்டார். பத்து நிமிஷம் தருகிறேன், வாருங்கள் என்றார் போயர். பத்து நிமிஷம் பீர் கிளாஸோடு மூன்று மணி நேரம் ஆனது. ஆளுக்கு 500 டாலர் போட்டு ஏப்ரலில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ஜெனன்டெக்.

முதல் பெரிய குறி, இன்சுலின். அதுவரை சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் வந்தது மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து. அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவான இன்சுலினுக்கு நான்கு டன்னுக்குக் கிட்டத்தட்ட கணையம் தேவைப்பட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிருகங்கள். சிலருக்கு அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. நோயாளிகளோ கூடிக்கொண்டே போனார்கள்.

போட்டியில் ஹார்வர்டும் இருந்தது. அவர்கள் மனித உடம்பிலிருந்து எடுத்த ஜீனைப் பயன்படுத்தினார்கள். அதனால் கடுமையான விதிகள். கடைசியில் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுனில் இருந்த உச்சகட்டப் பாதுகாப்பு லேபுக்கே போய் வேலை செய்தார்கள். ஜெனன்டெக் ஆட்கள் கில்லாடிகள். ஜீனை ரசாயனம் மூலம் எழுத்து எழுத்தாகச் செயற்கையாகவே கோத்தார்கள். மனித உடம்பிலிருந்து எடுக்காததால் அந்தக் கெடுபிடி இல்லை.

இன்சுலின் என்பது இரண்டு சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் உரிய ஜீனைத் தனித்தனி வளையத்தில் ஒட்டி, தனித்தனி ஈ.கோலியில் வளர்த்து, பிறகு சங்கிலிகளைச் சேர்த்தார்கள். 1978 ஆகஸ்டில் வெற்றி. செப்டம்பரில் அறிவிப்பு. 1982 அக்டோபரில் எலை லில்லி கம்பெனி மூலமாக விற்க அமெரிக்காவில் அனுமதி. இன்று உலகத்தில் விற்கும் இன்சுலின் அநேகமாக எல்லாமே பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ தயாரித்தது. எங்கள் ஃபிரிட்ஜ் பாட்டிலும் அந்த வகைதான்.

இடையில் 1980-ஐ மட்டும் ஒரு காமர்ஸ்காரனாக என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஒரே வருடம், மூன்று தேதி.

ஜூன் 16. வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர் ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. கச்சா எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா ஒன்றை உருவாக்கியிருந்தார். எப்படி? வெவ்வேறு எண்ணெய்ப் பொருள்களைச் சிதைக்கும் பிளாஸ்மிட்டுகளை ஒரே பாக்டீரியாவில் சேர்த்து. கத்திரி கூட வேண்டியிருக்கவில்லை. பாக்டீரியாவின் கொடுக்கல் வாங்கலையே பயன்படுத்திக்கொண்டார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்றது அலுவலகம். அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கொடுக்கலாம் என்றது.

அக்டோபர் 14. ஜெனன்டெக் பங்குச்சந்தைக்கு வந்தது. 35 டாலர் பங்கு ஒரு மணி நேரத்துக்குள் 88 டாலர். போயர் போட்ட 500 டாலர், அன்று சாயங்காலக் கணக்கில் 6 கோடி டாலரைத் தாண்டியது. கம்பெனி அதுவரை பாக்டீரியா இன்சுலின் ஒரு பாட்டில்கூட விற்றிருக்கவில்லை.

டிசம்பர் 2. கோஹன், போயர் முறைக்குக் காப்புரிமை. 1997-ல் அது காலாவதி ஆனது. மொத்தத்தில் 468 கம்பெனிகள் உரிமம் வாங்க, இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து வந்த வருமானம் 25 கோடி டாலருக்கு மேல். காப்புரிமையில் கண்டுபிடித்தவர் பெயராக இருந்தது கோஹனும் போயரும் மட்டும். காரில் வளையத்தைச் சுமந்த ஆனி சாங் பெயர் 1973 கட்டுரையில் உண்டு. காப்புரிமையில் இல்லை.

வளையத்தின் வேலை இன்சுலினோடு நிற்கவில்லை. வளர்ச்சி ஹார்மோன், மஞ்சள் காமாலைத் தடுப்பூசி என்று போய்க்கொண்டே இருந்தது. கோவிட் சமயத்தில் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி செய்தார்களே, அதற்கான மூலப்பிரதியைப் பெருக்கியதும் ஈ.கோலிக்குள் இருந்த வளையத்தில்தான். 2021 ஆகஸ்டில் இந்தியாவில் ஸைடஸ் காடிலாவின் தடுப்பூசிக்கு அவசர அனுமதி கொடுத்தார்கள். ஊசியே இல்லாமல் தோலுக்குள் செலுத்துவது. அதில் இருந்த மருந்து வேறெதுவும் இல்லை, சாட்சாத் பிளாஸ்மிட். மனிதர்களுக்காக அனுமதி பெற்ற உலகின் முதல் டி.என்.ஏ. தடுப்பூசி அது.

*

இத்தனையும் வரவுப் பக்கம். இனி பற்றுப் பக்கம்.

2008 ஜனவரி. ஸ்வீடனில் ஓர் ஆஸ்பத்திரி. இந்திய வம்சாவளி நோயாளி ஒருவர். முந்தைய மாதம் புது டெல்லியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர். அவர் சிறுநீரில் இருந்த பாக்டீரியா, கார்பபெனம் என்கிற உயர்ரக மருந்துகளையே தின்று ஏப்பம் விட்டது. வேறெதுவும் கேட்காதபோது டாக்டர்கள் எடுக்கிற மருந்து கார்பபெனம். அதை உடைக்கும் ஜீனுக்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். என்.டி. என்றால் நியூ டெல்லி.

2010 ஆகஸ்டில் லான்செட் குழும மருத்துவ இதழில் ஒரு கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. இந்தியா, பாகிஸ்தான், இங்கிலாந்து என்று பல இடங்களில் இந்த ஜீன் அகப்பட்டிருந்தது. சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகள். ஜீன் பெரும்பாலும் இருந்த இடம்? வேறெங்கே, பிளாஸ்மிட்டில். பல வளையங்கள் சுலபமாகக் கைமாறக்கூடியவை.

நாம் என்ன செய்தோம்? பெயருக்காகச் சண்டை போட்டோம். வெளிநாட்டு நோயாளிகள் இந்தியாவுக்கு வருவதைக் கெடுக்கச் சதி என்றார்கள். ஊர்ப் பெயரை நோய்க்கு வைத்தது தப்புதான். 2011 ஜனவரியில் லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டனே அதற்காக மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் டெல்லியில் பொது இடங்களில் தண்ணீர் எடுத்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. தேங்கிய தண்ணீர் 171 மாதிரியில் 51-லும், குழாய்த் தண்ணீர் 50 மாதிரியில் 2-லும் அந்த ஜீன். மன்னிப்புக் கிடைத்துவிட்டது. வளையம் எங்கேயும் போகவில்லை.

2014 மார்ச் 1 முதல் இந்தியாவில் ஹெச்-1 என்று ஒரு பட்டியல் அமலுக்கு வந்தது. 46 மருந்துகள். அதில் 24 ஆன்ட்டிபயாடிக். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். சட்டம் இருக்கிறது. டிராயரும் இருக்கிறது.

போன வருடம் அம்மாவின் கால் விரலில் ஒரு புண். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் புண் என்றால் வீட்டில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. இடதுபக்கம் பன்னிரண்டு மருந்தின் பெயர். வலதுபக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. எஸ் என்றால் மருந்து கேட்கும். ஆர் என்றால் கேட்காது. எண்ணிப் பார்த்தேன். ஏழு ஆர்.

அறுபது வருடத்துக்கு முன் ஜப்பானியர்கள் காரணிக்கு வைத்த அதே எழுத்து.

அந்த ஏழு ஆரில் எத்தனை வளையத்தின் வழியாக வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று ரிப்போர்ட் சொல்லாது. என் டிராயர் மாத்திரையால்தான் என்று சொல்லவும் எனக்கு ஆதாரம் இல்லை. மிச்சமிருந்த ஐந்தில் ஒன்றை டாக்டர் தேர்ந்தெடுத்தார். ஊசியாகப் போட்டார்கள். பதினேழு நாளில் புண் ஆறியது. ஐந்து இருந்தது. பிழைத்தோம்.

*

நவோமி தத்தா மறுபடி வருவார் என்று சொன்னேனே.

முர்ரே என்கிற பாக்டீரியா நிபுணர் ஒருவர், 1917-லிருந்து 1954 வரையிலான காலத்துக் குடல் பாக்டீரியாக்களைப் பல நாடுகளிலிருந்து சேகரித்துப் பத்திரமாக அடைத்து வைத்திருந்தார். பெரும்பாலும் ஆன்ட்டிபயாடிக் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்துக் கிருமிகள். தத்தாவும் விக்டோரியா ஹியூஸ் என்பவரும் அதில் 433-ஐ எழுப்பிப் பார்த்தார்கள். 1983-ல் முடிவை எழுதினார்கள்.

கைமாறும் வளையங்கள் இருந்தனவா? இருந்தன. நாலில் ஒரு பாக்டீரியாவில் இருந்தன. கிட்டத்தட்ட இந்தக் காலத்து பாக்டீரியாவில் இருக்கிற அளவுக்கே.

அந்த வளையங்களில் மருந்துக்குத் தப்பும் ஜீன் இருந்ததா?

இல்லை.

ஆகக்கூடி, வண்டி எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சரக்குதான் நம் காலத்தில் ஏறியது. எதிர்ப்பு ஜீன்கள் மண்ணிலும் தண்ணீரிலும் வேறு பாக்டீரியாக்களிடம் ஆதிகாலம் முதல் இருந்தவைதான். அவற்றுக்கு நம் குடல் பக்கம் வியாபாரம் இல்லாமல் இருந்தது. ஐம்பதே வருடத்தில் அந்தச் சந்தையைத் திறந்து வைத்தவர்கள் நாம்.

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம்தான். தேவை இருக்கும் இடத்துக்குச் சரக்கு வரும். வளையத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. இன்சுலின் குறிப்பைக் கொடுத்தால் அதைச் சுமக்கும். மருந்தை முறிக்கும் குறிப்பைக் கொடுத்தால் அதையும் சுமக்கும். லேபில் டெட்ராசைக்ளின் தட்டில் கோஹன் செய்த அதே தேர்வைத்தான், தொண்டை கரகரப்புக்கு நான் ஒரு மாத்திரை விழுங்கும்போது என் குடலுக்குள் செய்கிறேன். வளையம் இல்லாதது சாகிறது. உள்ளது பெருகுகிறது. அநேகத் தொண்டைக் கரகரப்புக்குக் காரணம் வைரஸ். அதற்கு அந்த மாத்திரையால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஆக, நான் செய்ததெல்லாம் பரிசோதனை மட்டும்தான்.

2019-ஆம் வருடத்துக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். மருந்துக்கு அசையாத பாக்டீரியாவால் மட்டும் உலகத்தில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர். அதில் சர்க்கரைக்காரர்கள் எத்தனை பேர் என்று யோசித்தேன். ஃபிரிட்ஜ் பாட்டில் அவர்களைப் பல வருடம் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கும். ஒரு சின்னப் புண்ணில் ஏழு ஆர் பன்னிரண்டு ஆர் ஆகும்போது, அந்த பாட்டில் என்ன செய்யும்?

டிராயரைக் காலி பண்ணிவிட்டேன். குப்பையில் போடவில்லை. சாக்கடையில் கொட்டவும் இல்லை. அங்கேயும் வளையங்கள் உண்டு. எங்கள் மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்து, காலாவதியான மருந்தோடு சேர்த்து அனுப்பிவிடச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாங்கி வைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டிராயர் இருக்கும். இல்லையென்று சொல்லாதீர்கள்.